விழாத எலி

அத்தியாயம் 4

விழ வேண்டிய எலி விழவில்லை.

மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த தடியின்மேல் அது, டாக்டர் சொன்னதற்காகக் காலாற நடக்கும் ஓய்வூதியக்காரரைப் போல நிதானமாக நடந்துகொண்டிருந்தது. ஆய்வு மாணவி ஸ்டாப்வாட்சைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து நொடி ஆயிற்று. முப்பது ஆயிற்று. மருந்து உள்ளே போன எலி பத்து நொடிக்குள் பிடி தளர்ந்து, கீழே விரித்திருந்த பஞ்சில் பொத்தென்று விழுந்தாக வேண்டும். இது மூன்று நிமிடமும் நடந்து முடித்துவிட்டு, முன்னங்கால்களால் மீசையை நீவிவிட்டுக்கொண்டது.

"இது எலி இல்லம்மா, கழைக்கூத்தாடி. கீழ ஒரு தட்டை வச்சா வசூல் பண்ணிக் குடுத்துடும்" என்றான் வாய்க்கால்.

ஆய்வு மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பக்காவும் சிரிக்கவில்லை. அவள் எலியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பக்கா என்பது ஊர் வைத்த பேர். பத்து வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். முதலாளி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே வந்து, துப்பறியும் அலுவலகம் திறந்தாள். துப்பும் அக்காவும் சேர்ந்து துப்பக்கா ஆயிற்று. அவளுடைய உதவியாளனுக்கு அவளைவிட இரண்டு வயது அதிகம். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். சம்பளம் தருகிறவர்கள் எல்லோரும் அக்காதான் என்பது அவன் கட்சி. வாயைத் திறந்தால் மடை அடைபடாது என்பதால் அவனுக்கு வாய்க்கால் என்று பேர்.

"மறுபடியும் ஒரு தடவை சொல்லு. முதல்லேருந்து" என்றாள் துப்பக்கா.

ஆய்வு மாணவி சொன்னாள். துவளி என்று ஒரு கொடி. வேலியோரத்தில் தானாக முளைக்கும். சுளுக்குக்கும் சதை இழுத்துப்பிடிக்கும் குரக்கு வலிக்கும் அதன் இலையை அரைத்துக் கட்டுவார்கள். தூக்கம் வராதவர்கள் கஷாயம் வைத்துக் குடித்ததாகவும் பேச்சு உண்டு. பேச்சு உண்மையா என்று பார்ப்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. இலையைச் சாறெடுத்து, வற்றவைத்து, எலிக்குக் கொடுத்து, தடியில் ஏற்றி, கம்பியில் தொங்கவிட்டு, தூங்குகிற நேரத்தைக் குறித்து என்று நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறாள். போன மாதம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மருந்து குடித்த எலி விழுந்தது, துவண்டது, தூங்கியது. வெறும் தண்ணீர் குடித்த எலி தடியில் நடந்தது. இப்போது இரண்டும் நடக்கின்றன.

"பழைய கணக்கெல்லாம் நீயா உட்கார்ந்து எழுதினதுன்னு சொல்றாங்கக்கா."

"யாரு?"

பதில் வாசலிலிருந்து வந்தது. பேராசிரியர் கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். வெளியாட்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை குழு வருது. மூணு பேர். அவங்க கண் முன்னால செஞ்சு காட்டணும். எலி விழலைன்னா நீ விழுந்துடுவே. புரியுதா?"

போய்விட்டார்.

"நல்ல மனுஷன். ரத்தினச் சுருக்கமாப் பேசுறார்" என்றான் வாய்க்கால்.

அந்த நேரம் சாம்பல் நிறச் சீருடை போட்ட ஒரு பெண் கூண்டோடு உள்ளே வந்தாள். எலிகளுக்குத் தண்ணீர் வைத்து, கூண்டு கழுவி, உமி மாற்றுகிறவள். எல்லோருக்கும் அவள் எலிக்காரம்மா. தடியிலிருந்த எலியை உள்ளங்கையில் வாரி எடுத்து, "வாடா ராசா, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே கூண்டில் விட்டாள். மிக மெதுவாக விட்டாள். துப்பக்கா அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, எதையும் யோசிக்கவில்லை. எலிக்காரம்மா கூண்டைத் தூக்கிக்கொண்டு போனதும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"முன்னெல்லாம் மருந்தை வாயில விட்டதும் எலி என்ன பண்ணும்?"

ஆய்வு மாணவி யோசித்தாள். "மூஞ்சியத் தரையில தேய்க்கும்கா. அவ்வளவு கசப்பு."

"இப்ப மீசையில ஒட்டினதக்கூட விடாம நக்குச்சு. பார்த்தியா?"

பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. உள்ளங்கை உயரம், பழுப்புத் திரவம், கழுத்தில் தேதி எழுதிய துண்டுக் காகிதம். துப்பக்கா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். தொழிற்சாலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப்போன ஒரே சொத்து அந்த மூக்குதான்.

"டீ" என்றாள். "பால் இல்லாத டீ. சர்க்கரை போட்டது. துவளி கொஞ்சம் கீழ எங்கேயோ இருக்கு. பேருக்கு."

வாய்க்கால் விரலை நீட்டினான். "நான் ஒரு சொட்டு…"

அவன் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"யாரோ எடுத்துட்டு, எடுத்த அளவுக்கு டீயை ஊத்தி வைக்கிறாங்க. அளவு குறையல, நிறமும் மாறல. அதனால நீ கண்டுபிடிக்கல" என்றாள் துப்பக்கா.

"என்னைக் கவிழ்க்கணும்னு பண்றாங்களாக்கா?"

"கவிழ்க்கிறவன் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுவான். இவன் அளந்து எடுக்கிறான். அளந்து எடுக்கிறவன் நாசக்காரன் இல்ல, திருடன். எங்கேயோ விக்கிறான்."

பேசும்போதே அவளுக்குத் தன் தர்க்கத்தின்மேல் ஒரு பிரியம் வந்தது. அது எப்போதும் வருவதுதான். ஃபிரிட்ஜ் அறைக்கு நான்கு சாவிகள் இருந்தன. பேராசிரியரிடம் ஒன்று, ஸ்டோர்காரரிடம் ஒன்று, ஆய்வு மாணவியிடம் ஒன்று. கூண்டு கழுவும் தொட்டியும் அதே அறையில் இருந்ததால் எலிக்காரம்மாவிடம் ஒன்று. துப்பக்காவின் மனம் முதல் சாவியிலேயே நின்றது. கண்டுபிடிப்பைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, மாணவியைப் பொய்க்காரி ஆக்குகிற பேராசிரியர். கதை கச்சிதமாகப் பொருந்தியது.

"எப்ப எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா யாருன்னு தெரிஞ்சிடும். ஒரு பொறி வைப்போம். இன்னைக்கே புதுசா ஒரு பாட்டில் காய்ச்சு. தார் மாதிரி கெட்டியா. ஊத்தின டீ அதுமேல தனியா மிதக்கணும், பார்த்ததும் தெரியணும்."

"அவ்வளவு கெட்டியாவா?"

"நிறமே காட்டிக்கொடுக்கட்டும். எலிக்கா கொடுக்கப்போறோம்? ஃபிரிட்ஜில சும்மா நிக்கப்போகுது."

ஆய்வு மாணவி தலையாட்டினாள். கையிருப்பிலிருந்த காய்ந்த இலை முழுவதையும் போட்டு அன்று மாலைக்குள் காய்ச்சி முடித்தாள்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு மூவரும் ஃபிரிட்ஜைத் திறந்தபோது, பாட்டிலில் கறுப்புக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குச் செம்பழுப்பாக ஒரு பட்டை நின்றது.

"ஆஹா! பொறியில எலி மாட்டிக்கிச்சு. இந்தக் கட்டடத்துல இந்த வாக்கியத்தைச் சொல்ல எத்தனை நாளா காத்திருந்தேன் தெரியுமாக்கா?" என்றான் வாய்க்கால்.

"உன் வேலை என்னாச்சு?"

முந்தைய நாள் சாயங்காலம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். கேன்டீனில் உட்கார்ந்து, இந்தக் கட்டடத்தில் யார் என்ன குடிக்கிறார்கள் என்று பார்த்துவரவேண்டும்.

"ஆறு டீ குடிச்சேன். ராத்திரி பூரா கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். அந்தத் துவளி எனக்குத்தான் தேவைப்பட்டுச்சு." விரலை மடக்கினான். "பேராசிரியருக்குச் சர்க்கரை வியாதி. பால் உண்டு, சர்க்கரை கிடையாது. ஸ்டோர்காரர் காப்பிக் கட்சி. நம்ம பொண்ணு வெறும் வெந்நீர். கேன்டீன்காரர்கிட்ட, பால் இல்லாம சர்க்கரை மட்டும் போட்ட டீ யாராவது கேப்பாங்களான்னு கேட்டேன். 'என் கடையில பால் நல்லாத்தான் இருக்கும்'னு சண்டைக்கே வந்துட்டார்."

"அப்ப கேன்டீன் டீ இல்ல. வீட்டு டீ."

சொல்லிக்கொண்டே துப்பக்கா நிமிர்ந்தாள். பக்கத்து அறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவருகிறவர்கள் யார் என்று கேட்டாள்.

"எலிக்காரம்மாதான்" என்றார் அவர், இதில் என்ன கேள்வி என்பதுபோல. "கறுப்பு டீதான் கொண்டுவரும். இருக்கிற பாலை வீட்டுக்காரருக்கு வச்சிட்டு வரும். இன்னைக்கு இன்னும் ஆளைக் காணோம். பதினொரு வருஷத்துல இதான் முதல் தடவை, சொல்லாம கொள்ளாம."

விலங்குக்கூடத்திலிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காலித் தண்ணீர்க் குழாய்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன.

"வீட்டுக்காரருக்கு என்ன?" என்று கேட்டாள் துப்பக்கா.

"கட்டட வேலை செஞ்சவர். நாலு வருஷம் முன்னால சாரம் சரிஞ்சு முதுகெலும்பு போச்சு. காலு ரெண்டும் அசைக்க முடியாது. ஆனா தானா இழுத்துக்கும். விறைச்சு, மரக்கட்டை மாதிரி. ஒரு தடவை நான் போய்ப் பார்த்தேன். அவர் கத்துன சத்தத்துல நான் வாங்கிட்டுப் போன பழத்தைக் கூடக் குடுக்காம வந்துட்டேன்."

துப்பக்கா பாட்டிலை எடுத்து ஆய்வு மாணவியின் கையில் கொடுத்தாள். "விலாசம் சொல்லுங்க" என்றாள்.

காரை ஓட்டியபடி வாய்க்கால் பேசிக்கொண்டே வந்தான். பேராசிரியர் வில்லனாக இல்லாமல் போனது கதைக்கு நஷ்டம் என்றான். எலிக்காரம்மாவை எந்தப் பிரிவில் பிடிப்பது, எலி உணவைத் திருடியதாகவா என்றான். பின் இருக்கையில் ஆய்வு மாணவி பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த துப்பக்கா, "வேகமாப் போ" என்று மட்டும் சொன்னாள்.

வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவு ஒருக்களித்திருந்தது.

எலிக்காரம்மா சீருடையில் இருந்தாள். தோளில் கைப்பை மாட்டியிருந்தது. வேலைக்குக் கிளம்பியவள் கிளம்பாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, புருஷனின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் சட்டத்தின் இரண்டு பக்கமும் பழைய துணி சுற்றிய வார்கள் தொங்கின. கால் இழுத்துக்கொள்ளும்போது கட்டுவதற்கு. இப்போது அவற்றுக்கு வேலையில்லை. மனிதர் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தார்.

வந்தவர்களைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. மறைக்கவும் முயலவில்லை.

"தெரிஞ்சுபோச்சா பாப்பா?" என்றாள் ஆய்வு மாணவியைப் பார்த்து. "நானே சொல்லியிருப்பேன். இவர் எந்திரிக்கட்டும்னு பார்த்தேன். எப்பவும் பத்து மணிக்கெல்லாம் கண்ணு முழிச்சிருவார்."

துப்பக்கா மண்டியிட்டு அவர் நெஞ்சில் கை வைத்தாள். நெஞ்சு ஏறுவதற்கு வெகுநேரம் எடுத்தது. ஏறியதும் பாதியிலேயே இறங்கிவிட்டது. உதட்டோரம் நீலம் பூத்திருந்தது.

"எப்பக் குடுத்தீங்க?"

"ஏழு மணிக்கு. தினம் அப்பத்தான். நான் வேலைக்கு வந்தப்புறம் தனியாக் கிடந்து கத்துவாரு, பக்கத்துப் பட்டறைக்காரங்க காதைப் பொத்திக்குவாங்க. பாப்பா மருந்து குடிச்ச எலியக் கையில எடுக்கிறப்போ எப்படிக் குழைஞ்சு கிடக்கும், பார்த்திருக்கீங்களா? இவருக்கும் காலு ரெண்டும் அப்படிக் குழையாதான்னு தோணுச்சு. குழைஞ்சுதுங்க. முதல் நாள் சிரிச்சாரு. நாலு வருஷத்துல முதல் தடவை."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ரெண்டு ஸ்பூன். இந்தக் கடைசி ரெண்டு வாரமா நாலு குடுத்தும் கேக்கல. நானே டீய ஊத்தி ஊத்தித் தண்ணியாக்கிட்டேனே. நேத்து சாயங்காலம் பார்த்தா பாப்பா புதுசாக் காய்ச்சி வச்சிருந்துச்சு. நல்லாக் கெட்டியா இருந்துச்சு. அதனால குறைச்சேன். ரெண்டுதான். முதல்ல குடுத்த அதே ரெண்டு."

ஆய்வு மாணவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அக்கா… இது எட்டு மடங்கு. நீங்க தார் மாதிரின்னு சொன்னீங்க. எட்டு மடங்கு வத்த வச்சேன்."

பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பக்கா அவர் உதட்டையே பார்த்தாள். திருடனைக் காட்டிக்கொடுக்க அவள் சொன்ன நிறம் இந்த மனிதரின் உதட்டில் வந்து நின்றிருந்தது. கவிழ்க்கிறவன், திருடன், விற்கிறவன் என்று நேற்று எத்தனையோ பேரை எண்ணினாள். குடிக்கிறவன் ஒருவன் இருப்பான் என்று எண்ணவே இல்லை. மருந்தைத் திருடுகிறவர்கள் மருந்துக்காகத் திருடக்கூடும் என்ற எளிய விஷயம் பத்து வருடம் மருந்துத் தொழிற்சாலையில் இருந்தவளுக்குத் தோன்றவில்லை.

வாய்க்கால்தான் முதலில் அசைந்தான். குனிந்து அந்த மனிதரை அள்ளித் தோளில் போட்டான். "கதவைப் பிடிங்க" என்றான். அன்று முழுவதும் அவன் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

அவசரப் பிரிவு டாக்டர் கண்ணிமையைத் திறந்து விளக்கடித்துக்கொண்டே கேட்டார். "என்ன சாப்பிட்டார்?"

"துவளின்னு ஒரு கொடி. அதோட சாறு" என்றாள் ஆய்வு மாணவி.

"முறிவு மருந்து?"

"இன்னும் கண்டுபிடிக்கல, டாக்டர்."

"உடம்புல எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இதே அளவு ஆறு எலிக்குக் குடுத்தேன். அதுல நாலு எலி, அஞ்சு மணி நேரத்துல எந்திரிச்சுது."

"மீதி ரெண்டு?"

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். "மனுஷனுக்கு எவ்வளவு நேரம்?" என்றார் டாக்டர்.

"யாருக்கும் தெரியாது."

தொண்டையில் குழாய் இறங்கியது. அதன் நுனியில் ஒரு ரப்பர்ப் பை மாட்டினார்கள். வார்டில் இருந்த வென்டிலேட்டர் மூன்றும் மூன்று பேரை உயிரோடு வைத்திருந்தன. வேறு மருத்துவமனைக்கு ஃபோன் போனது. அங்கேயும் காலி இல்லை. டாக்டர் பையை எலிக்காரம்மாவின் கையில் கொடுத்து, அவள் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினார்.

"இப்படி அழுத்தணும். விடணும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். மறுபடியும் அழுத்தணும். மூச்சு விடற தசை அடங்கிப் போச்சு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அது திரும்பி வர்ற வரைக்கும் நீங்கதான் இவரோட மூச்சு. நிறுத்தக் கூடாது. வேற எதுவும் நாம பண்றதுக்கு இல்ல."

மணி பதினொன்று பத்து.

முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம். முதல் சுற்றில் அது சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் துப்பக்காவின் கட்டைவிரல் மரத்துப் போனது. ஐந்து எண்ணுவது இவ்வளவு பெரிய வேலை என்று யாருக்குத் தெரியும்? நடுவில் ஏதாவது நினைவு வந்துவிட்டால் எண்ணிக்கை ஆறாகிவிடும். ஆறானதும் நெஞ்சு திக்கென்று, பை பதறிக்கொண்டு அழுந்தும். அவர் முகத்தில் ஒன்றும் மாறாது. மாறாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் எண்ண வேண்டும்.

ஒரு மணிக்குப் பேராசிரியர் ஃபோன் பண்ணினார். ஸ்டோர்காரர் சொல்லியிருக்கிறார். ஆய்வு மாணவி சுவரோரம் போய் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"நாளைக்குக் குழு வராதாம். துவளி சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் சீல் வச்சு அழிக்கச் சொல்லிட்டாங்களாம். கையில இருக்கிற பாட்டிலையும் கேட்டாங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு. செடி வேலை செய்யுதுன்னு இப்ப அவரே ஒத்துக்கிறார், அக்கா." அவள் சிரிக்க முயன்றாள், அது அழுகையாக வந்தது. "நான் பொய் எழுதலைன்னு நிரூபணம் ஆயிடுச்சு. நீங்க நிரூபிச்சுட்டீங்க."

அதைத்தான் செய்து தருவதாகத் துப்பக்கா வழக்கை எடுத்துக்கொண்டாள். சொன்ன சொல் தப்பவில்லை. சிறிது நேரத்தில் ஒரு ஆள் வந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனான். ஆய்வு மாணவி அவன் போவதைப் பார்க்காமல் தன் முறைக்கு வந்து பையைப் பிடித்தாள்.

மூன்றரைக்கு, எலிகளின் கணக்குப்படி அவர் எழுந்திருக்க வேண்டிய நேரம் போய் மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் எலி இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். விளக்கடித்தார், தோளைக் கிள்ளினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். வாய்க்கால் பையை அழுத்திக்கொண்டிருந்தான். உதடு மட்டும் ஒன்று, இரண்டு என்று அசைந்தது.

துப்பக்கா எலிக்காரம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் தொடங்காமலேயே சொல்லிவிட்டாள்.

"அதைக் கெட்டியாக் காய்ச்சச் சொன்னது நான்தாம்மா. அந்தப் பொண்ணு இல்ல. யார் எடுக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க. நான் வச்ச பொறி அது."

எலிக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று துப்பக்கா எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதைவிட, திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றாள் அவள். "நான் சொல்லியிருப்பேனே. யாரும் என்னைக் கேக்கலை." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்தத் தம்பி கை நடுங்குது. உங்க முறை. போய்ப் பிடிங்க."

துப்பக்கா போய்ப் பிடித்தாள்.

ஐந்தேகாலுக்குப் பை அவள் கையை எதிர்த்தது. முதலில் தன் விரல்தான் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி எதிர்த்தது. அவள் அழுத்தாத நேரத்தில் அந்த நெஞ்சு தானாக, கஞ்சத்தனமாக, ஒரு துளி ஏறி இறங்கியது.

"டாக்டர்!"

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் என்ன நடந்தது என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. கண்ணிமை துடித்தது. இருமல் வந்தது. கைகள் குழாயைப் பிடுங்கப் பார்த்தன. டாக்டர் காதருகே குனிந்து ஏதோ சொல்லச் சொல்ல, அவர் தானாகவே மூச்சு விட்டார். குழாய் வெளியே வந்தது. ஆய்வு மாணவி தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாய்க்கால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். எலிக்காரம்மா புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பொழைச்சுட்டார். நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

துப்பக்காவுக்கு முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது. அந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

போர்வைக்கடியில் வலது கால் துடித்தது. பிறகு இடது. நடந்தது என்ன என்று யாருக்கும் உறைப்பதற்கு முன்னால் இரண்டு கால்களும் விறைத்து, முழங்கால் மடங்கி, குதிகால் கட்டில் சட்டத்தில் மோதியது. துவளி அவர் மூச்சை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. குழாய் உரசிய தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. கத்த முடியாத வாய் திறந்து திறந்து மூடியது.

நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை அசைத்தார்.

"தசையைத் தளர்த்துற எதையும் இன்னைக்கு இவருக்குக் குடுக்க முடியாது. உள்ள இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியாது. மறுபடியும் மூச்சு நின்னுடும்."

வலி சற்று ஓய்ந்த ஓர் இடைவெளியில் அவர் கண்கள் யாரையோ தேடின. பொண்டாட்டியைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, சாம்பல் பூத்த முகத்தோடு தரையிலிருந்து எழுந்து நின்ற ஆய்வு மாணவியிடம் வந்து நின்றன. அவளை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் தினம் கேட்ட பேச்சிலிருந்து யாரென்று புரிந்திருக்க வேண்டும்.

"பாப்பாதானே?" என்றார். காற்று மட்டும்தான் வந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஆய்வு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பார்வை அடுத்து துப்பக்காவிடம் நகர்ந்தது, கேள்வி அதேதான். துப்பக்கா அவரைப் பார்த்தாள். இருக்கிறது என்று பொய் சொல்லலாம். இல்லை என்று உண்மை சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தக் கால்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிட்டது. எலிக்காரம்மா கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறி, தன் முழு உடம்பையும் கொடுத்து அவர் வலது காலை அமுக்கிப் பிடித்தாள். ஒரு ஆளால் இரண்டு காலைப் பிடிக்க முடியாது. துப்பக்கா சுற்றிவந்து இடது காலைப் பிடித்தாள். அது இரும்பு மாதிரி இருந்தது. பிடித்த கைகளோடு அவளையும் சேர்த்து உதறியது.

"விட்டுடாதீங்க. இன்னும் நல்லா அமுக்குங்க. அவருக்கு அதுதான் கொஞ்சம் ஆறுதல்" என்றாள் எலிக்காரம்மா.

துப்பக்கா அமுக்கினாள். அந்த இழுப்பு அடங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அடங்கியதும் அடுத்தது தொடங்கியது.